சிறு கடைகளுக்காக வாதாடியவர்

எங்கள் தெருமுனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த மளிகைக் கடை சென்ற தை மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. கடையைக் காலிசெய்த அன்று மாலை, கடைக்கார அண்ணாச்சி எங்கள் வீட்டின் பற்று நோட்டைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கணக்கு முழுதும் தீர்ந்திருந்தது. நான் கல்லூரி விரிவுரையாளராகச் சேர்ந்த தொடக்கக் காலத்தில் சம்பளம் தாமதமான மாதங்களில் எல்லாம் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த நோட்டின் தயவில்தான்.

அதைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 2012-ஆம் ஆண்டு. பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி அளித்திருந்த நேரம் அது. எங்கள் பகுதி வணிகர்கள் கடையடைப்பு நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். அண்ணாச்சியும் இன்னும் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். செய்தியாளர் சந்திப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருப்பதாகவும், பொருளாதாரம் படித்த ஒருவர் உடன் அமர்ந்து பத்து நிமிடம் விளக்கிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். நான் மறுத்துவிட்டேன். போட்டி வந்தால் விலை குறையும், விலை குறைந்தால் நுகர்வோருக்கு நன்மை, இதற்கு எதிராக என்னால் பேச இயலாது என்று வகுப்பில் சொல்வதைப் போலவே அவர்களிடமும் சொன்னேன். அவர்கள் காபியைக் குடித்துவிட்டு அமைதியாகப் போய்விட்டார்கள். கடையடைப்புக்கு மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வந்தது. போக்குவரத்து பாதிக்கப்பட்டது என்பது அதன் சாரம். கடைகள் ஏன் அடைக்கப்பட்டன என்பதற்கு அதில் இடமில்லை.

ஓய்வுபெற்ற பிறகுதான் லூயிஸ் பிராண்டைஸின் எழுத்துகளை நிதானமாகப் படித்தேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற நீதிபதிகளுள் ஒருவர் என்ற அளவிலேயே அதுவரை அவரை அறிந்திருந்தேன். நூறு ஆண்டுகளுக்கு முன்பு, தெருமுனைக் கடைக்காரரின் வழக்கைப் பத்திரிகைப் பக்கங்களுக்குக் கொண்டுசென்றவர் அவர் என்பது எனக்குப் புதிய செய்தி. அண்ணாச்சி என்னிடம் கேட்ட உதவியின் தன்மை அவர் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பிராண்டைஸ் 1856-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தார். 1848-ஆம் ஆண்டின் ஐரோப்பியப் புரட்சிகள் தோல்வியுற்ற காலத்தில் பிராகா நகரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பம் அவருடையது. தந்தை அடால்ஃப் தானிய மொத்த வணிகர். உழவரிடம் வாங்கி ஊர்தோறும் அனுப்பும் வணிகத்தின் ஏற்ற இறக்கங்களைப் பார்த்தே மகன் வளர்ந்தார். பொருளாதார மந்தம் வரப்போவதை உணர்ந்த தந்தை 1872-இல் தொழிலைச் சுருக்கிக்கொண்டு குடும்பத்தோடு ஐரோப்பா சென்றார். சிறுவன் டிரெஸ்டனில் சில காலம் படித்தான். ஊர் திரும்பியதும் கல்லூரிப் பட்டம் ஏதும் இல்லாமலேயே ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தான். படிப்பின் நடுவே கண்பார்வை தளர்ந்தது. உடன் படித்தவர்கள் பாடங்களை வாசித்துக் காட்ட, கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டார். 1877-இல், இருபது வயதில், வகுப்பில் முதல்வராகத் தேறினார்.

1879-இல் நண்பர் சாமுவேல் வாரனுடன் சேர்ந்து பாஸ்டன் நகரில் வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கினார். 1890-இல் இருவரும் சேர்ந்து தனிமனித அந்தரங்க உரிமை குறித்து எழுதிய கட்டுரை சட்ட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. வம்புச் செய்தி தேடும் பத்திரிகைகளிடமிருந்து தனிமனிதனைக் காப்பது அதன் நோக்கம். பத்திரிகையின் அத்துமீறலுக்கு எதிராக எழுதிய அதே மனிதர்தாம், பின்னாளில் பொதுநலப் போராட்டத்துக்குப் பத்திரிகையை அவ்வளவு திறமையாகப் பயன்படுத்தினார். இதில் முரண் இல்லை. தனிமனிதனின் வீட்டுக் கதவு மூடியிருக்க வேண்டும், பெரும் பணத்தின் கணக்குப் புத்தகம் திறந்திருக்க வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு.

அவருடைய கட்சிக்காரர்களில் பலர் நடுத்தர அளவிலான உற்பத்தியாளர்களும் வணிகர்களும் ஆவர். அவர்கள் மூலம் அவர் பெரும் பொருள் ஈட்டினார். எனினும் எளிய வாழ்க்கையையே வாழ்ந்தார். பணம் சேர்த்தது எவருக்கும் கட்டுப்படாமல் இருக்கும் உரிமையை வாங்குவதற்காகத்தான். பொதுநல வழக்குகளுக்குக் கட்டணம் வாங்குவதை நிறுத்திக்கொண்டார். தம் நேரத்தை அப்படிச் செலவிட்டதால் அலுவலகத்துக்கு நேர்ந்த வருவாய் இழப்பைத் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்த சந்தர்ப்பமும் உண்டு.

மக்கள் கவனத்தை ஒரு பிரச்சினையின் பக்கம் திருப்புவது எப்படி என்பதை அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் ஆயுள் காப்பீடு. அக்காலத்தில் ஆலைத் தொழிலாளர்களின் வீடுகளுக்கு முகவர்கள் வாரந்தோறும் வந்து சில சென்ட்டுகளைக் காப்பீட்டுத் தவணையாக வசூலித்துச் செல்வார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1905 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் தொழிலாளர்கள் இவ்வாறு செலுத்திய தொகை 6 கோடி டாலருக்கும் மேல். அவர்களுக்குத் திரும்பி வந்ததோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பிராண்டைஸ் இந்தக் கணக்கைத் தோண்டி எடுத்தார். சேமிப்பு வங்கிகளே குறைந்த செலவில் காப்பீடு வழங்கலாம் என்ற மாற்றுத் திட்டத்தையும் வகுத்தார். 1906-இல் கோலியர்ஸ் வார இதழில் கட்டுரை எழுதினார். தொழிற்சங்கங்களிலும் தேவாலயக் கூட்டங்களிலும் பேசினார். நாளிதழ் ஆசிரியர்களுக்குத் தகவல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். 1907-இல் சட்டம் நிறைவேறியது.

1910-இல் நடந்தது இன்னும் பெரியது. கிழக்கு மாநிலங்களின் ரயில் நிறுவனங்கள் சரக்குக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டன. சரக்கு அனுப்பும் வணிகர்களுக்காக ஆணையத்தின் முன் பிராண்டைஸ் தோன்றினார். கட்டண உயர்வு தேவையில்லை, நிர்வாகத்தைச் சீர்செய்தாலே போதும் என்பது அவர் வாதம். திறமையான நிர்வாக முறையைப் பின்பற்றினால் ரயில் நிறுவனங்கள் நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் மிச்சம்பிடிக்கலாம் என்று ஒரு பொறியாளரைச் சாட்சியம் சொல்ல வைத்தார். மறுநாள் நாடெங்கும் அந்த ஒற்றை எண்ணே தலைப்புச் செய்தியானது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆவணத்திலிருந்து, காலைப் பத்திரிகை வாசிப்பவர் மனத்தில் நிற்கக்கூடிய ஒரே ஓர் எண்ணைப் பிரித்தெடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர் அவர். கட்டண உயர்வு மறுக்கப்பட்டது.

எண் நிற்பதற்கு அடியில் உண்மை இருக்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். 1908-இல் பெண் தொழிலாளர்களின் வேலை நேரம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் அவர் அளித்த வாதுரை நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அதில் சட்ட விவாதம் இரண்டே பக்கங்கள். மீதியெல்லாம் மருத்துவர்கள், தொழிற்சாலை ஆய்வாளர்கள் ஆகியோரின் அறிக்கைகளிலிருந்து திரட்டிய தகவல்கள். திரட்டித் தந்தவர் அவருடைய மனைவியின் சகோதரி ஜோசஃபின் கோல்ட்மார்க்.

இப்படிப்பட்ட ஒருவர் சிறு கடைகளின் பிரச்சினைக்கு வந்து சேர்ந்தது 1911-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் விளைவாக. டாக்டர் மைல்ஸ் என்ற மருந்து நிறுவனம், தன் மருந்தை இன்ன விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று கடைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுகர்வோருக்குக் கிடைத்த வெற்றி என்றுதான் பொருளியல் மாணவர் எவரும் இதைச் சொல்வார். பிராண்டைஸ் அப்படிக் கருதவில்லை.

அவர் கண்ட நடைமுறை இது. ஒரு டாலருக்கு நாடெங்கும் விற்கும் கடிகாரம் ஒன்றை நகரத்தின் பெரிய அங்காடி எழுபது சென்ட்டுக்கு விற்பதாக விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலையில் அங்காடிக்கு லாபம் இல்லை, நட்டம்தான். ஆனால் கடிகாரம் வாங்க வந்தவர் கூடவே வேறு பத்துப் பொருள்களையும் வாங்கிப் போவார். அவற்றின் விலை அவருக்குத் தெரியாது. கடிகாரத்தின் விலை மட்டும் தெரியும். ஆகவே அங்காடியில் எல்லாமே மலிவு என்று நம்புவார். அதைவிட முக்கியமானது, தம் தெருக் கடைக்காரர் இதுவரை தம்மை ஏமாற்றிவந்தார் என்றும் நம்புவார். கடைக்காரரோ நட்டத்தைப் பத்துப் பொருள்களில் பகிர்ந்துகொள்ள வழியில்லாதவர். கடிகாரத்தை விற்பதையே விட்டுவிடுவார். நாளடைவில் கடையையும் விட்டுவிடுவார். அதன் பிறகு அங்காடி எழுபது சென்ட்டுக்கு விற்க வேண்டிய அவசியம் இருக்காது.

1913 நவம்பரில் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் இதைக் கட்டுரையாக எழுதினார். கழுத்தறுக்கும் விலைகள் என்று பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்தார். நீதிமன்றத்தில் தோற்ற வாதத்தை மக்கள் மன்றத்துக்குக் கொண்டுசென்ற கட்டுரை அது. வட்டி விகிதம், சந்தைப் பங்கு போன்ற சொற்களால் அவர் அதைத் தொடங்கவில்லை. வாசகர் ஒவ்வொருவரும் தம் ஊரில் பார்த்திருக்கும் விளம்பரத் தந்திரத்திலிருந்து தொடங்கினார். சிறு கடைக்காரருக்காக இரக்கம் காட்டுங்கள் என்றும் அவர் கேட்கவில்லை. போட்டியைக் கொல்லும் போட்டி ஒன்று உண்டு, அதைத் தடுப்பது போட்டியைக் காப்பதுதான் என்று வாதிட்டார். போட்டியாளர்கள் ஒன்றுகூடி விலையை நிர்ணயிப்பது ஏகபோகம். ஒரு தனி உற்பத்தியாளர் தம் பொருளுக்கு மட்டும் விலை குறிப்பதோ வேறு, ஏனெனில் அவருக்குப் போட்டியான பொருள் அடுத்த அலமாரியிலேயே இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். 1915 ஜனவரியில் நாடாளுமன்றக் குழுவின் முன்பும் இதையே விளக்கினார். அந்தச் சட்ட முன்வரைவு நிறைவேறவில்லை. ஆனால் தெருமுனைக் கடையின் தலைவிதி நாட்டின் விவாதப் பொருளாகிவிட்டது.

இந்த இடத்தில் அவர்மீது வைக்கப்படும் குறைகளையும் சொல்லியாக வேண்டும். விலைக் காப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்கள் கடைக்காரர்கள் மட்டுமல்லர், பெயர்பெற்ற பொருள்களைத் தயாரித்தவர்களும்தாம். சிறு கடையின் பெயரால் உற்பத்தியாளரின் லாபமும் காக்கப்பட்டது. பிராண்டைஸின் கட்சிக்காரர்களில் ஒருவரான ஃபைலீன் குடும்பம் பாஸ்டனில் பெரிய பல்பொருள் அங்காடியை நடத்தியது. நாளாக ஆக விலை தானாகக் குறையும் அதன் அடித்தள விற்பனைக்கூடம் நாடெங்கும் பேசப்பட்டது. வரலாற்றாசிரியர் தாமஸ் மெக்ரா, புலிட்சர் பரிசு பெற்ற தம் நூலில், பிராண்டைஸின் பொருளியல் அறிவு குறைபாடு உடையது என்றும், பெரிய அளவில் உற்பத்தி செய்வதால் விளையும் சிக்கனத்தை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றும் கடுமையாகவே எழுதியிருக்கிறார். நான் வகுப்பில் பாடம் நடத்திய காலத்தில் மெக்ராவின் கட்சியில்தான் இருந்திருப்பேன். விலையைத் தாங்கிப் பிடிப்பதால் ஏழை வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்க நேரும் என்பது இன்றும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

1916 ஜனவரியில் அதிபர் வுட்ரோ வில்சன் பிராண்டைஸை உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார். அந்தப் பதவிக்கு முன்மொழியப்பட்ட முதல் யூதர் அவர். பெருநிறுவனங்களைப் பகைத்துக்கொண்டதன் விலையை அப்போது கொடுக்க வேண்டியிருந்தது. முன்னாள் அதிபர் டாஃப்ட் உட்பட வழக்கறிஞர் உலகின் பெரும்புள்ளிகள் எதிர்த்தார்கள். நான்கு மாதங்கள் விசாரணை நடந்தது. ஜூன் முதல் நாள் 47-க்கு 22 என்ற வாக்குக் கணக்கில் செனட் சபை ஒப்புதல் அளித்தது.

அவர் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த காலத்தில் கடைத்தெரு மாறிக்கொண்டிருந்தது. ஒரே நிறுவனம் ஊர்தோறும் கிளை திறக்கும் சங்கிலித் தொடர் கடைகள் பெருகின. ஏ அண்டு பி என்ற மளிகை நிறுவனம் மட்டும் 1930-ஐ ஒட்டி 15,000-க்கும் மேற்பட்ட கடைகளை நடத்தியது. அதன் ஆண்டு விற்பனை 100 கோடி டாலரை எட்டியது. எதிர்ப்பும் கிளம்பியது. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் சொந்த வானொலி நிலையம் வைத்திருந்த ஹெண்டர்சன் என்பவர் இரவுதோறும் தொடர் கடைகளை வசைபாடினார். தனிக்கடைக்காரர்களைத் திரட்டி, ஆண்டுக்கு 12 டாலர் சந்தா வாங்கிச் சங்கம் அமைத்தார். கூடவே காபித் தூளும் விற்றார். மிகப் பெரிய கவனம் கிடைத்தது. ஆனால் வசவுக்குக் கிடைக்கும் கவனம் நெடுநாள் நிலைப்பதில்லை. சில ஆண்டுகளில் வானொலி நிலையமே அவர் கையை விட்டுப் போனது.

1933 மார்ச்சில் வந்த வழக்கு வேறு வகை. ஒரு மாவட்டத்துக்கு மேல் கடை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் கூடுதல் உரிமக் கட்டணம் விதித்திருந்தது ஃபுளோரிடா மாநிலம். லிகெட் என்ற மருந்துக்கடை நிறுவனமும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் கூடுதல் கட்டணம் செல்லாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். பிராண்டைஸ் மாறுபட்டு எழுதினார். அப்போது அவருக்கு 76 வயது. அடிக்குறிப்புகளும் அட்டவணைகளும் நிறைந்த நீண்ட தீர்ப்பு அது. கூட்டு நிறுவனங்களுக்குச் சட்டம் தந்த சலுகைகள் எப்படி ஒவ்வொன்றாக விரிந்தன என்ற வரலாற்றையும், நாட்டின் நிறுவனச் சொத்தில் ஏறத்தாழ பாதி 200 நிறுவனங்களின் கையில் குவிந்துவிட்டதையும் அதில் எடுத்துக்காட்டினார். உரிமையாளர் எங்கோ இருக்க, உள்ளூர் வணிகர் வெறும் எழுத்தராகிவிட்டால், அந்த ஊரின் வளமும் ஊக்கமும் நம்பிக்கையும் வற்றிவிடும் என்று மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. அதைத் தடுக்க அவர்களின் மாநிலம் சட்டம் இயற்றலாம் என்பது அவர் முடிவு. கேள்வி விலையைப் பற்றியது மட்டுமன்று, ஓர் ஊர் தன்னைத் தானே நடத்திக்கொள்வதைப் பற்றியது என்று அவர் கருதினார்.

அந்தப் பத்தாண்டில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தொடர் கடைகளுக்குத் தனிவரி விதித்தன. 1936-இல் வந்த ராபின்சன்-பேட்மேன் சட்டம், பெரிய கடைக்கு ஒரு விலையும் சிறு கடைக்கு வேறு விலையுமாகப் பாரபட்சம் காட்டி விற்பதைத் தடைசெய்தது. 1937-இல் வந்த இன்னொரு சட்டம், உற்பத்தியாளர் குறைந்தபட்ச விலை குறிப்பதற்கு வழிவிட்டது. 1913-இல் பிராண்டைஸ் கேட்டது ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் கிடைத்தது.

ஆனால் விளம்பரம் என்பது எவர் கைக்கும் போகும் கருவி. கலிபோர்னியாவில் தொடர் கடை வரி 1936-இல் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. தொடர் கடைகள் விளம்பர நிறுவனம் ஒன்றை அமர்த்திக்கொண்டன. அந்த ஆண்டு பீச் பழம் தேங்கிக் கிடந்தது. அதைத் தம் கடைகளில் முனைந்து விற்றுக்கொடுத்து உழவர்களின் நன்றியைச் சம்பாதித்தன. வரி தோற்றது. 1938-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ரைட் பேட்மேன் நாடு முழுவதற்குமான கடும் வரி ஒன்றை முன்மொழிந்தபோது, ஏ அண்டு பி நிறுவனம் செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிக்கைகள் வெளியிட்டது. தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. உழவரையும் தொழிலாளரையும் நுகர்வோரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. 1940-இல் அந்த முன்வரைவு மடிந்தது. பெரிய கடைகள் செய்தது பிராண்டைஸின் பாடத்தைக் கற்றுக்கொண்டதுதான். சிறு கடைக்காரர்களோ தங்கள் குறையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாங்குபவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

பிராண்டைஸ் 1939 பிப்ரவரியில் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். 1941-ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று வாஷிங்டனில் காலமானார். அவர் விரும்பிய விலைக் காப்பு முறை 1975 வரை நீடித்தது. பணவீக்கம் மக்களை வாட்டிய அந்த ஆண்டில், நுகர்வோருக்குச் சுமை என்று நாடாளுமன்றமே அதை நீக்கியது. அவர் எழுப்பிய கேள்வி மட்டும் நீக்கப்படவில்லை. பெரிய வாங்குவோருக்கு மட்டும் தனிச்சலுகை அளிப்பது குறித்து ராபின்சன்-பேட்மேன் சட்டத்தின்கீழ் பல ஆண்டுகளுக்குப் பிறகு 2024-இல் அமெரிக்க அரசின் ஆணையம் மீண்டும் வழக்குத் தொடுத்தது.

நம் நாட்டு நிலைமைக்கு இந்த வரலாற்றை அப்படியே பொருத்த முடியாது. பொட்டலத்தின்மீது நாம் அச்சிடுவது அதிகபட்ச சில்லறை விலை. அது கூரை. பிராண்டைஸ் கேட்டது தரை. அத்தகைய தரையை இங்கே சட்டமாக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அடக்க விலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதைத் தடுக்க 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. தேவைப்படுவது அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டப் போதுமான ஆதாரம்.

கடை மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அண்ணாச்சி எனக்கு ஒரு ரசீதைக் காட்டினார். விநியோகஸ்தர் அவருக்குக் கொடுத்தது. அதே சோப்பைக் கைப்பேசிச் செயலி ஒன்று என்ன விலைக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது என்பதையும் காட்டினார். அவர் வாங்கும் விலை, அங்கே விற்கும் விலையைவிட அதிகமாக இருந்தது. அவருடைய கடை மூடப்பட்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. வாடகை உயர்ந்தது, மகன் வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டான், அவருக்கும் வயதாகிவிட்டது. ஆனால் அந்த ரசீது, திறமையற்றவர் சந்தையிலிருந்து வெளியேறினார் என்று நான் வகுப்பில் சொல்லிவந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. வாங்கும் இடத்திலேயே தோற்கடிக்கப்பட்டவர் விற்கும் இடத்தில் எத்தனை திறமை காட்டினால்தான் என்ன?

பிராண்டைஸ் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு ரசீதோடு நிறுத்தியிருக்கமாட்டார். ஒரு மாவட்டத்தின் நூறு கடைகளிலிருந்து, ஆறு மாத ரசீதுகளைத் திரட்டியிருப்பார். இருபது பொருள்களைத் தேர்ந்தெடுத்து, கடைக்காரர் வாங்கும் விலையையும் செயலியில் விற்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருப்பார். அந்தச் செயலியில் விலை தெரியாத மற்றப் பொருள்கள் என்ன விலைக்கு விற்கின்றன என்பதையும் சேர்த்திருப்பார். அதிலிருந்து ஒரே ஓர் எண்ணை எடுத்துச் செய்தியாளர் கையில் கொடுத்திருப்பார். நாளிதழ்கள் வணிகர்களின் பக்கம் திரும்புவதில்லை என்று குறைசொல்கிறோம். பிற்பகலுக்குள் செய்தி எழுதி அனுப்ப வேண்டிய இளம் செய்தியாளருக்கு மூடிய கதவுகளின் படத்தையும் முழக்கங்களையும் மட்டும் கொடுத்தால், போக்குவரத்து பாதிப்பைத் தவிர அவரால் வேறு எதை எழுத முடியும்?

அந்தக் கணக்கை எழுதும் பயிற்சி கடைக்காரர்களுக்கு இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தைக்குப் போய் இரவு பத்து மணிக்குக் கடை அடைப்பவரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. அந்தப் பயிற்சி இருப்பது என்னைப் போன்றவர்களிடம். ஒவ்வோர் ஊரிலும் பொருளியல் துறை உள்ள கல்லூரி இருக்கிறது. கள ஆய்வு செய்ய வேண்டிய மாணவர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் பேராசிரியர்களும் இருக்கிறோம். முடிவு கடைக்காரர்களுக்குச் சாதகமாக வராமல் போகலாம். அப்படி வந்தால் அதையும் வெளியிட வேண்டும். எந்தச் செயலியும் நட்டத்துக்கு விற்கவில்லை, எல்லாம் சிக்கனத்தின் விளைவே என்று கணக்கு காட்டினால், என் பழைய பாடத்தையே மறுபடியும் நடத்துகிறேன்.

2012-இல் அண்ணாச்சி என்னிடம் கேட்டது ஆதரவு என்று நான் எண்ணினேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் கேட்டது பத்து நிமிட விளக்கம். கொள்கையில் உடன்பட வேண்டிய தேவையில்லாமலேயே நான் அவர்களுடைய கணக்குகளைப் பார்த்திருக்கலாம். பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னேன். எங்கள் பகுதியில் இன்னும் ஏழு மளிகைக் கடைகள் இருக்கின்றன. சென்ற வாரம் அவற்றில் மூன்றுக்குப் போய், ரசீதுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இருவர் சம்மதித்தார்கள். மூன்றாமவர், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் சார் என்று கேட்டார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை.